வெறும் ஓட்டம்

நம் படகுத்துறைக்கு நிலையான இடம் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உங்கள் நான்கு பேருக்கும் இதை யாராவது சொல்லியிருப்பார்கள். அணையில் தண்ணீர் ஏறினால் துறை மேட்டுக்கு வரும். இறங்கினால் பின்னாலேயே இறங்கிப் போகும். நல்ல மழை பெய்த வருடத்தில் தார்ரோடு முடியும் இடத்தில் புளியமரத்தடியில் நிற்கும் கொட்டகை, வறண்ட வருடத்தில் ஒரு மைலுக்குக் கீழே வெடித்த சேற்றில் நிற்கும். நான்கு கால், மேலே தகரம், ஒரு மேசை, படகில் ஏறி இறங்க ஒரு பலகை. எட்டுப் பேர் சேர்ந்தால் மொத்தத் துறையையும் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம். மேட்டூர் அணை கட்டித் தண்ணீர் இங்கே வரைக்கும் பரவிய நாளிலிருந்து இப்படித்தான் நடக்கிறது.

போன மாதம் நான் வேலையிலிருந்து நின்றுகொண்டேன். கடைசி நாளில் நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். எனக்குப் பேச வரவில்லை. முப்பத்திரண்டு வருடம் எழுதியே பழகியவன். அதனால் எழுதித் தருகிறேன். அறிவுரை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இருந்த காலம் ஒன்பது வருடத்துக்கு முன்பே முடிந்துவிட்டது.

என் வேலை உங்களுக்குத் தெரியும். படகை எடுக்கலாம், எடுக்கக் கூடாது என்று சொல்வது. அதைச் சொல்ல எனக்கு என்ன தெரியும் என்று கேட்டால், எழுதத் தெரியும். நான் சேர்ந்தபோது தோல் பரிசல்கள் போய், மூங்கில் கூட்டுக்குமேல் பிளாஸ்டிக் சாக்கு இழுத்துக் கட்டித் தார் பூசிய பரிசல்கள் ஓடின. பிறகு பைக்கையும் ஏற்றும் விசைப்படகுகள் வந்தன. படகு மாறினாலும் நோட்டு மாறவில்லை. ஒவ்வொரு நாளும் காலை ஆறரைக்குக் குறிக்கல்லில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது, காற்று எந்தப் பக்கம், கொட்டகை எந்த இடத்தில், முதல் படகு எத்தனை மணிக்கு. ஒரு நாள்கூட விட்டதில்லை. என் கல்யாணத்தன்றும் எழுதியிருக்கிறேன்.

இது துறை நோட்டு. வீட்டில் இன்னொன்று உண்டு. மழை, காய்கறி, வந்து போன உறவினர், பார்த்தது, வாங்கியது எல்லாம் அதில். இரண்டையும் நான் கலந்ததில்லை. வேலை வேறு, வீடு வேறு என்பது என் ஒழுங்கு. இந்த ஒழுங்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

துறையில் ஒருவர் இருந்தார். பெயரை எழுத வேண்டாம் என்று அவர் மனைவி கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. கழிக்காரர் என்போம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எனக்கு எதையும் சொல்லிக் கொடுத்தவர் இல்லை; சொல்லப்போனால் என்னைப் பிடிக்கவே பிடிக்காது. விசைப்படகுகள் வந்த பிறகு அவருடைய பரிசலுக்கு ஒரே ஒரு வேலைதான் மிஞ்சியது. அதுதான் வெறும் ஓட்டம்.

துறை பத்தடி நகர்ந்தால்கூட, ஆள் ஏறுவதற்கு முன் வெறும் பரிசல் ஒன்று புதிய இடத்திலிருந்து ஆழத் தண்ணீர் வரைக்கும் போகவேண்டும். போகும் வழியெல்லாம் மூங்கில் கழியால் அடியைக் குத்திப் பார்க்கவேண்டும். இரண்டு பக்கமும் பார்த்துத் திரும்பி வந்து, கழியைக் கரையில் தலைகீழாக நட்டால் ஆள் ஏறலாம். நடாதவரை ஏறக் கூடாது. தோல் பரிசல் காலத்து வழக்கம் இது. ஒரு முள்கட்டை கிழித்தால் போதும், பரிசல் முழுகிவிடும் என்பதால் வந்தது.

நான் சேர்ந்த முதல் வருடம் ஒரு கல்யாணக் கூட்டம் காத்திருந்தது. அக்கரையில் முகூர்த்தம். முந்தின நாள்தான் துறை நகர்ந்திருந்தது. கழிக்காரர் சாவகாசமாகக் குத்திக்கொண்டே போனார். மாப்பிள்ளையின் தாய்மாமன் கரையில் நின்று குதித்தார்.

"என்னாங்க இது, இந்தாளு மீன் புடிக்கறாரா? முகூர்த்தம் போயிரும்போல இருக்குதே!"

அரை மணி நேரம் கழித்துக் கழிக்காரர் வந்து இறங்கினார்.

"என்னா கெடச்சுது?" என்றார் தாய்மாமன்.

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாததுக்கா அரை மணி நேரம்?"

"ஒண்ணுமில்லன்னு தெரியாம இருந்துச்சு. இப்ப தெரியுது. ஏறுங்க."

அன்றைக்கு நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் துறையில் என் பயணிகளை ஒருவர் காக்கவைத்து ஒன்றும் இல்லாமல் திரும்பி வருகிறாரே என்ற வெட்கம். அதன் பிறகு ஒவ்வொரு வெறும் ஓட்டத்தையும் நோட்டில் குறித்தேன். 'வெறும் ஓட்டம். ஒன்றும் இல்லை.' வருடக்கணக்கில் இதே வரி. எனக்கு அந்த வரி என்ன செய்தது என்பதை இப்போதுதான் சரியாகச் சொல்ல முடிகிறது. ஒவ்வொரு தடவை எழுதும்போதும், பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று அது எனக்குச் சொன்னது. ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தால் கேள்வியே வேண்டாம் என்று தோன்றிவிடும். நம் வேலையில் ஆளைக் கெடுப்பது அதுதான்.

இனி கோமதியைப் பற்றி.

கோமதி நம் ஊர்ப் பெண். அரசு வேலைக்கான எழுத்துத் தேர்வை நான்கு தடவை எழுதியவர். ஐந்தாவது தடவை அழைப்பு வந்தபோது, அதுதான் கடைசி. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். தேர்வு மையம் கேட்ட இடத்தில் தர்மபுரி போடாமல் மேட்டூர் போட்டிருந்தார். துறை வழியாகப் போனால் கிட்டம். படகில் இருபது நிமிடம், அக்கரையில் ஏறினால் ஒரே பஸ். முந்தின வாரமே துறைக்கு வந்து என்னிடம் நேரம் கேட்டார். முதல் படகு ஏழு மணி என்றேன். நோட்டைப் பார்த்து, ஒரு வருடமாக ஏழு மணிப் படகு ஐந்து நிமிடத்துக்குமேல் தாமதித்ததில்லை என்றும் சொன்னேன்.

"ஒங்கள நம்பித்தாங்கண்ணா மேட்டூரு போட்டிருக்கறன்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

தேர்வு நாள் விடிந்தபோது துறை இல்லை. கர்நாடகாவில் திறந்துவிட்ட தண்ணீர் ஒரே இரவில் வந்து கொட்டகையின் கால்களை முழங்கால் அளவுக்கு மூடியிருந்தது. குறிக்கல்லில் நான்காவது கோடு. மூன்று வறண்ட வருடங்களுக்குப் பிறகு தண்ணீர் அந்த உயரத்துக்கு வருவது அன்றைக்குத்தான். கொட்டகையைத் தூக்கி மேட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, பலகை போட்டு முடிக்கும்போது மணி ஏழு நாற்பது. கரையில் முப்பது பேருக்குமேல் நின்றார்கள். முன்னால் கோமதி. கையில் பிளாஸ்டிக் உறையில் ஹால் டிக்கெட்.

அக்கரையில் மேட்டூர் பஸ் எட்டேகாலுக்கு. அதை விட்டால் அடுத்தது ஒன்பதே முக்காலுக்கு. ஒன்பது மணிக்குமேல் தேர்வு வாசலைச் சாத்திவிடுவார்கள். பென்னாகரம், மேச்சேரி என்று ரோட்டில் சுற்றிப் போனால் இரண்டரை மணி நேரம். ஆகவே ஏழு ஐம்பதுக்குப் படகு எடுக்கவேண்டும். எடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் ஐந்து வருடப் படிப்பும் கரையிலேயே நின்றுவிடும். அங்கே நின்ற எல்லோருக்கும் இது தெரியும்.

கழிக்காரர் தண்ணீர் நிறைந்து கிடந்த பரிசலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ நேரமாவுங்கண்ணா?" என்று கேட்டேன்.

"முக்கா மணி ஆவும். புது எடம். தண்ணி செவப்பா இருக்குது, ஒண்ணுந் தெரியல."

நான் மேசைமேல் பழைய நோட்டைப் பிரித்தேன். ஆறு வருடத்துக்கு முந்தைய பக்கம். நான்காவது கோடு. கொட்டகை வட்டப்பாறைக்குத் தெற்கே இருபதடி. அதே தண்ணீர், அதே இடம். பத்தொன்பது நாள் அங்கேயிருந்து படகு ஓடியிருக்கிறது. ஒரு குறையும் இல்லை. எல்லாம் என் கையெழுத்தில் இருந்தது.

"அண்ணா, இந்த எடத்த ஏற்கனவே பாத்தாச்சுங்க. பத்தொம்பது நாளு ஓடியிருக்குது. எழுதியிருக்கறன், பாருங்க."

அவர் நோட்டைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"ஒன் நோட்டு ஒருக்காவாவது தண்ணில எறங்கிருக்குதாப்பா?"

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்ததாக நினைத்துவிட்டேன். அதற்கு நான் சொன்ன பதிலை இன்றுவரை மறக்கவில்லை.

"ஒங்க கழிய விட என் நோட்டு நீளமுங்க. ஆறு வருசம் நீளம்."

இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள். கழிக்காரர் பரிசலை நிமிர்த்தினார். சிரிப்பு என் பக்கம் வந்ததும் முடிவு செய்துவிட்டேன். உண்மையில் அந்தச் சிரிப்புதான் முடிவு செய்தது. நோட்டு அதற்கு ஒரு சாக்கு.

படகை ஓட்டும் மாதையன் இன்ஜினில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். "நீங்க சொன்னா எடுக்கறேனுங்க."

அந்தக் கரையில் கேட்கவேண்டியதைக் கேட்டவர் ஒருவர்தான். காலைப் பலகைமேல் வைத்துவிட்டுக் கோமதி திரும்பினார்.

"அண்ணா, வெறும் ஓட்டம் இன்னும் போவலீங்களே?"

"வேண்டாம்மா. நான் சொல்றன், ஏறு."

"முக்கா மணின்னா எனக்குப் போச்சுங்கண்ணா. அது தெரியுது. இருந்தாலும் அவரு சொல்றாரே..."

"பரீட்சைக்குப் போற புள்ள இதெல்லாம் யோசிக்காத. ஏறும்மா."

ஏறினார். பைக் இரண்டு, ஆள் பதினான்கு. பலகையை இழுத்தபோது மணி ஏழு ஐம்பத்திரண்டு. நோட்டில் எழுதினேன். எழுதிவிட்டுத் தலையை நிமிர்த்துவதற்குள் சத்தம் கேட்டது.

கரையிலிருந்து முப்பதடிகூட இருக்காது. படகின் அடி எதன்மேலோ ஏறி, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்த வேகத்தில் முன்பக்கம் திரும்பி இன்னொன்றில் போய் இடித்தது. பைக் ஒன்று தண்ணீரில் விழுந்தது. ஆட்கள் கத்தினார்கள். நெஞ்சளவுக்குச் சற்றுமேல் தண்ணீர். நின்று சமாளித்துக் கரைக்கு வந்துவிட்டார்கள். யாரும் முழுகவில்லை. ஒருவரைத் தவிர யாருக்கும் பெரிய அடி இல்லை.

படகு சாய்ந்தபோது கோமதி விளிம்பைப் பிடித்திருந்தார், வலது கையால். விளிம்பு தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்ந்துபோய் அந்த இரண்டாவது பொருளில் மோதியது. விரல்கள் நடுவில் இருந்தன.

நான் தண்ணீரில் இறங்கி அவரைக் கரைக்குக் கூட்டிவந்தேன். கழிக்காரர் தன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையைச் சுற்றிக் கட்டினார். கோமதி அழவில்லை. இடது கையில் ஹால் டிக்கெட்டை உயர்த்திப் பிடித்திருந்தார். அது நனையவே இல்லை.

"மணி என்னாங்கண்ணா?" என்று கேட்டார்.

மணி கேட்டால் சரியாகச் சொல்வது என் பழக்கம். "ஏழு அம்பத்தெட்டு."

"அப்ப இன்னும் நேரமிருக்குதுங்க" என்றார். துண்டு முழுதும் சிவப்பாகி மணலில் சொட்டிக்கொண்டிருந்தது. "இன்னொரு படகு எடுக்கச் சொல்லுங்கண்ணா. எட்டேகாலு பஸ்ஸு போயிரும்."

இந்த இடத்தை எழுத மூன்று நாள் ஆனது எனக்கு.

தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு போயின. கட்டைவிரல் இருக்கிறது, மடங்காது.

அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது கழிக்காரர் பரிசலில் இருந்தார். யாரும் சொல்லாமலே வெறும் ஓட்டம் போயிருந்தார். ஆழம்வரை போய், இரண்டு பக்கமும் பார்த்து, கரைக்கு வந்து, கழியைத் தலைகீழாக நட்டார்.

"ரெண்டு கல்லு" என்றார். "கல்லுக்காலு. கழிய வெச்சிருந்தா டொக்குன்னு சொல்லியிருக்கும்."

கல்லுக்கால் உங்களுக்குத் தெரியும். நம் பக்கம் வேலிக்கு நடும் கருங்கல் தூண். தண்ணீர் வற்றிய மூன்று வருடமும் வட்டப்பாறைக்குத் தெற்கே ஒருவர் வெள்ளரி போட்டிருந்தார். சுற்றிலும் முள்வேலி, வண்டி நுழைய வாசல் விட்டு, இரண்டு பக்கமும் இரண்டு கல்லுக்கால். முள் தண்ணீரோடு போய்விட்டது. கல் நின்றது.

ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் கற்களைத் தெரியும். கரையில் நின்ற முப்பது பேரில் பலர் அந்தத் தோட்டத்தில் வெள்ளரிக்காய் வாங்கியவர்கள். ஒருவருக்கும் அன்றைக்கு நினைவு வரவில்லை. நிலம் தண்ணீருக்குள் போய்விட்டால் நம் மனதில் அது வேறு ஊராகிவிடுகிறது. வெறும் ஓட்டம் இதற்காகத்தான் இருந்தது. நாம் எதை மறந்தோம் என்பது நமக்குத் தெரியாது, கழிக்குத் தெரியும்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். அரை மணி நேரம் புரட்டினார். ஆறு வருடத்துக்கு முந்தைய பக்கத்தையும் அன்றைய பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இவ்வளவு நேர்த்தியா எழுதி வெச்சிருக்கீங்களே. இப்படி யாருங்க எழுதறாங்க இந்தக் காலத்துல?" என்றார்.

பிறகு கழிக்காரரைக் கேட்டார். "நீங்க ஏதும் எச்சரிக்க பண்ணலையா?"

கழிக்காரர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "இல்லீங்க சாமி. அந்தப் புள்ளைக்கி நேரமாச்சுன்னு எல்லாருமே அவசரத்துல இருந்தமுங்க."

எதிர்பாராத விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். நோட்டு என்னைக் காப்பாற்றியது. வெளியே வந்ததும் கழிக்காரரின் கையைப் பிடித்தேன். "ஏண்ணா அப்படிச் சொன்னீங்க?"

கையை உதறினார். "உண்மையச் சொன்னா அந்தப் புள்ளைக்கி வெரலு மொளச்சிருமா?"

அதற்குப் பிறகு என்னிடம் அவர் பேசவில்லை. அடுத்த கோடையில் அரூர்ப் பக்கம் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே பரிசலுக்கு வேலை இல்லை. இரண்டு வருடத்தில் இறந்தார். பரிசல் நம் கொட்டகைக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது.

இதுவரை சொன்னது ஊருக்குத் தெரிந்தது. தெரியாததை இப்போது எழுதுகிறேன்.

விசாரணை முடிந்த மூன்றாம் நாள், வேறு எதற்கோ வீட்டு நோட்டை எடுத்தேன். விபத்துக்கு முந்தைய சித்திரையில், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இப்படி எழுதியிருக்கிறேன்:

'மாலை வெள்ளரித் தோட்டம் போனேன். வட்டப்பாறைக்குத் தெற்கே. வண்டி வாசலுக்குப் புதிதாக இரண்டு கல்லுக்கால் நட்டிருக்கிறார்கள், என் நெஞ்சளவு. காய் பிஞ்சாக, நன்றாக இருந்தது. மூன்று கிலோ.'

நடுவில் நடந்து போயிருக்கிறேன். உயரம் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து எழுதியும் இருக்கிறேன். அன்று காலை துறை மேசைமேல் நான் பிரித்த நோட்டில் அது இல்லை. ஏனென்றால் வெள்ளரிக்காய் வாங்கியது வீட்டு விஷயம்.

அதிகாரியிடம் அந்த நோட்டைக் கொண்டுபோய்க் காட்டவில்லை. யாரும் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்பது வருடமாக அந்தப் பதிலும் மாறவில்லை.

என்னால் ஆனதைச் செய்யப் பார்த்தேன். கை ஊனமானவர்களுக்கு வயதுச் சலுகை உண்டு, தேர்வில் எழுதித் தர ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று படித்தேன். மனு எழுதினேன். அதிலும் ஒரு எழுத்துப் பிழை இருக்காது. கோமதியைக் கூட்டிக்கொண்டு தர்மபுரியில் மருத்துவக் குழுவின் முன்னால் போனேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பொருள்களைத் தூக்கச் சொன்னார்கள். அளந்தார்கள். சலுகைக்கு வேண்டிய அளவு ஊனம் இல்லை என்று சான்று கொடுத்தார்கள். அவர்கள் விதிப்படி சரியாகத்தான் அளந்தார்கள். அளவு சரியாக இருப்பது எவ்வளவு கொடுமையாக இருக்கும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் கோமதி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"எழுதறதுக்கு ஆவாதுங்கண்ணா. ஊனமுன்னு சொல்றதுக்கும் பத்தாதாம்." வெளியே பார்த்துச் சிரித்தார். "இன்னும் ரெண்டு வெரலு போயிருந்தா வேல கெடச்சிருக்கும்போல."

என் பையில் அன்று வீட்டு நோட்டு இருந்தது. அந்தப் பக்கத்தைக் காட்டிவிடவேண்டும் என்றுதான் எடுத்துப் போயிருந்தேன். பென்னாகரம் வரும்வரை பையின்மேல் கை வைத்துக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை.

"நீங்க எதுக்குங்கண்ணா இவ்ளோ அலையறீங்க? அன்னிக்கி எனக்காகத்தான எடுத்தீங்க" என்றார் இறங்கும்போது.

அது பொய் என்று எனக்குத் தெரியும். சிரிப்புக்காக எடுத்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. இதை நீங்கள் படிக்கும்போது அவர் கைக்கும் போகலாம். போகட்டும்.

கோமதியின் அக்காவை அக்கரையில் கொடுத்திருக்கிறது. நம் துறையிலிருந்து பார்த்தால் அந்த வீட்டின் ஓடு தெரியும். மாதம் ஒரு தடவை கோமதி அங்கே போகிறார். படகில் இருபது நிமிடம். அவர் இந்த ஒன்பது வருடமும் பஸ்ஸில்தான் போகிறார். புளியமரத்து நிறுத்தத்தில் ஏறி, பென்னாகரம் போய், மேச்சேரி சுற்றி, மேட்டூர் போய், அங்கிருந்து இன்னொரு பஸ். காலையில் கிளம்பினால் மத்தியானம் ஆகிவிடும். வழியில் என்னைப் பார்த்தால் நின்று நலம் விசாரிப்பார். குறை சொன்னதில்லை. படகில் ஏறியதும் இல்லை. 'கோமதி பஸ்ஸில் போனார்' என்று துறை நோட்டில் எழுதத் தொடங்கினேன். இரண்டு நோட்டையும் நான் கலந்தது அந்த ஒரு வரியில்தான்.

இப்போது பாலத்துக்குத் தூண் எழும்புகிறது. அது முடிந்ததும் துறை இருக்காது. உங்கள் நான்கு பேருக்கும் வேறு வேலை தேடவேண்டியிருக்கும். என் நோட்டுகள் எதற்கும் உதவாது. ஆனால் பாலம் முடியும்வரை தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும்; துறையும் நகர்ந்துகொண்டுதான் இருக்கும்.

என் கடைசி நாளில் நீங்களும் இருந்தீர்கள். முந்தின இரவு தண்ணீர் ஒரு கோடு ஏறியிருந்தது. காலையில் கொட்டகையைத் தூக்கினோம். நான் போய் அந்தப் பழைய பரிசலைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன். கழிக்காரர் போனதிலிருந்து, ஒட்டுப் போட்டு, தார் பூசி, நான்தான் வைத்திருக்கிறேன். கரையில் பைக்கோடு நின்றவர் போனைப் பார்த்துக்கொண்டே, "ஆபீசுக்கு நேரமாவுது சார், சீக்கிரம்" என்றார். உங்களில் ஒருவர், யார் என்று சொல்லவில்லை, "அண்ணன் ரிட்டயர்டு ஆவற அன்னிக்கும் மீன் புடிக்கறாருடோய்" என்றதும் கூட்டம் சிரித்தது. என் காதில் விழுந்தது. கோபம் இல்லை. சிரிப்பு எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஆழம்வரை குத்திப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கரைக்கு வந்து கழியைத் தலைகீழாக நட்டேன்.

மேலே புளியமரத்தடியில் கோமதி நின்றிருந்தார். இடது தோளில் பை. அக்கா வீட்டுக்குப் போகிற நாள். பஸ் இன்னும் வரவில்லை. ஈர வேட்டியோடு ஏறிப் போனேன்.

"கோமதிம்மா, வெறும் ஓட்டம் போயாச்சு. நானே போயிப் பாத்துட்டு வந்தன். ஒண்ணுமில்ல."

அவர் கீழே துறையைப் பார்த்தார். நட்ட கழியைப் பார்த்தார். அக்கரையில் அந்த ஓட்டு வீட்டையும் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"சரிங்கண்ணா" என்றார். "நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்."

நின்றுகொண்டே இருந்தோம். ரோட்டு முனையில் வண்டி திரும்பும் சத்தம் கேட்டது.

"பஸ்ஸு வந்துருச்சுங்கண்ணா."

இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினார்.